வேக்கம் குழாயில் இருந்த குச்சி

என் பெயர் வன்னியபெருமாள். வயது 71. தகப்பனார் பெயர் சுடலைமுத்து, இறந்துவிட்டார். இடைசெவல் கிழக்குத் தெருவில் குடியிருக்கிறேன். கோவில்பட்டியில் திருநெல்வேலி சாலையில் கார் பழுது பார்க்கும் ஷெட் வைத்திருக்கிறேன். நாற்பத்தெட்டு வருடமாக அதே ஷெட்தான். பழைய பெட்ரோல் வண்டிகள் மட்டும் பார்ப்பேன். இப்போது என்னிடம் வருகிற வண்டிகள் மொத்தம் ஒன்பது.

இந்த வாக்குமூலத்தை நானே என் கையால் எழுதுகிறேன். நான் சொல்ல ஏட்டையா எழுதுவதாகத்தான் முதலில் இருந்தது. எனக்கு எழுதத் தெரியும் என்று சொன்னேன். ஆய்வாளர் ஐயா அனுமதி கொடுத்தார். நான் எழுதப் படித்து ஏழு மாதம் ஆகிறது. மெதுவாகத்தான் வரும். ஆனால் வரும். பேனாவும் எட்டுத் தாளும் கொடுத்திருக்கிறார்கள். தாள் வழவழப்பாக நல்ல தாளாக இருக்கிறது.

இறந்துபோன சண்முகராஜ் முதலாளியை எனக்கு நாற்பது வருடத்துக்கு மேல் தெரியும். வயது 63. தீப்பெட்டி கம்பெனி வைத்திருந்தார். அவருடைய அம்பாசிடர் வண்டி 1968ஆம் வருடத்து வண்டி. அவர் தகப்பனார் வாங்கியது. அந்த வண்டியை என்னைத் தவிர வேறு யாரும் தொட்டதில்லை. அதன் டிரைவர் பாண்டிராஜ், வயது 34. இவரைத்தான், வண்டியை முன்னாலிருந்து சுற்றி ஸ்டார்ட் செய்கிற கைப்பிடிக் கம்பியால் முதலாளியை அடித்துக் கொன்றதாகப் பிடித்து வைத்திருக்கிறார்கள். பாண்டிராஜ் எனக்குச் சொந்தக்காரரோ வேண்டியவரோ இல்லை. வாய்த்துடுக்கு உள்ளவர். எனக்கு அவரைப் பிடிக்காது.

3.3.2025 திங்கட்கிழமை மதியம் பாண்டிராஜ் அந்த வண்டியை டியூனிங் செய்வதற்காகக் கொண்டுவந்தார். நான் பிளக், பாயிண்ட் இரண்டையும் சுத்தம் செய்து, அதன் பிறகு டைமிங் வைத்தேன். டைமிங் என்பது சிலிண்டருக்குள் நெருப்புப் பொறி எந்த நேரத்தில் விழ வேண்டும் என்பது. அந்த நேரத்தைக் கொடுப்பது டெல்கோ, அதாவது டிஸ்ட்ரிபியூட்டர். அதன் அடியில் உள்ள பட்டையைத் தளர்த்திக் கையால் திருப்பினால் பொறி முந்தும், அல்லது பிந்தும்.

இதில் வேக்கம் என்று ஒன்று உண்டு. இந்த வழக்கில் அது முக்கியம் என்பதால் எழுதுகிறேன். வண்டி மிதமாக, ஒரே வேகத்தில் போகும்போது பெடல் பாதிதான் மிதிபட்டிருக்கும். காற்று போகிற வாசல் பாதி மூடியிருக்கும். இன்ஜின் உள்ளே உறிஞ்சும், காற்று போதாது. அந்த உறிஞ்சலைத்தான் வேக்கம் என்கிறோம். கார்பரேட்டரிலிருந்து பென்சில் முனை அளவு மெல்லிய குழாய் ஒன்று டெல்கோவுக்குப் போகிறது. டெல்கோவின் பக்கத்தில் ஒரு தகரக் கிண்ணம் இருக்கிறது. கிண்ணத்துக்குள் ரப்பர் தோல். வேக்கம் அந்தத் தோலை இழுக்கும், தோல் ஒரு கம்பியை இழுக்கும், கம்பி உள்ளே இருக்கும் தட்டைத் திருப்பும், பொறி கொஞ்சம் முந்தி விழும். மிதமாக ஓடும்போது உள்ளே இருக்கிற பெட்ரோல் புகை குறைவு. அது நிதானமாக எரியும். அதனால் முந்தியே பற்றவைக்க வேண்டும். பெடலை முழுதாக மிதித்தால் வேக்கம் போய்விடும், பொறியும் தன் இடத்துக்குத் திரும்பிவிடும். இது யாரும் கை வைக்காமல் தானாக நடக்கும். மூச்சு விடுவது போல. நாற்பத்தெட்டு வருடம் இதைக் கையால் செய்திருக்கிறேன். எழுதுவது இதுதான் முதல் தடவை.

டைமிங் வைக்கும்போது இந்த வேக்கம் குறுக்கே வரக் கூடாது. அதனால் குழாயை அடைத்துவிட்டு டைமிங் வைத்து, அதன் பிறகு அடைப்பை எடுத்துவிட வேண்டும். எங்கள் ஊரில் மருந்து முக்காத தீக்குச்சி எங்கும் கிடக்கும். நான் ஒரு குச்சியில் நூலைச் சுற்றிக் குழாயின் வாய்க்குள் செருகுவேன். குழாய் தொங்கினால் ஃபேனில் அடிபடும் என்பதால் குச்சியோடு சேர்த்தே அதை அதன் இடத்தில் திரும்ப மாட்டி வைப்பேன். வெளியே இருந்து பார்த்தால் குழாய் ஒழுங்காக மாட்டியிருப்பதாகத்தான் தெரியும். குச்சி தெரியாது.

அதனால் முன்பெல்லாம், எதையாவது அடைத்தாலோ கழற்றினாலோ உடனே ஸ்டியரிங்கில் ஒரு சிவப்புத் துணியைக் கட்டுவேன். வேலை முடிந்து அடைப்பை எடுத்த பிறகுதான் துணியை அவிழ்ப்பேன். துணி இல்லாத வண்டிக்குத்தான் சாவி கொடுப்பேன். நாற்பத்தேழு வருடம் அப்படித்தான். ஒரு வண்டிகூடத் தவறியதில்லை.

எழுதப் படித்த பிறகு நான் துணி கட்டுவதை நிறுத்திவிட்டேன். துணிகளைக் குப்பையில் போட்டேன். எழுத்துத் தெரியாதவன்தான் துணி கட்ட வேண்டும் என்று நினைத்தேன். அதற்குப் பதிலாகச் சீட்டு எழுதி ஸ்டியரிங்கில் செருகினேன்.

அன்றும் சீட்டு எழுதினேன். பாண்டிராஜ் பக்கத்தில் நின்று கொண்டு, "என்ன பெரியவரே, லவ் லெட்டரா? யாருக்கு?" என்று கேட்டார்.

"வண்டிக்குத்தாம்ல எழுதுதேன். ஒன் சோலியப் பாரு" என்றேன்.

"வண்டிக்குப் படிக்கத் தெரியுமா?" என்றார். பக்கத்து பஞ்சர் கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

சீட்டில் எழுதியது: வேக்கம் குழாயில் குச்சி இருக்கிறது. எடுக்க வேண்டும்.

நான் அதுவரை எழுதியதிலேயே அதுதான் நன்றாக வந்த எழுத்து. கோடு இல்லாத தாளில் வரி நேராக வந்திருந்தது. அதன் பிறகு பாண்டிராஜ் டீ குடிக்கப் போனார். நான் டைமிங் வைத்து முடித்தபோது ஐந்தே கால் மணி. ஐந்தரைக்கு எனக்கு எழுத்து வகுப்பு. ஷெட்டுக்குப் பின்னால் உள்ள பள்ளிக்கூடத்தில் முத்துச்செல்வி என்ற பெண் நடத்துகிறார். அவருக்கு இதைக் காட்ட வேண்டும் என்று தோன்றியது. ஸ்டியரிங்கில் இருந்து சீட்டை உருவிச் சட்டைப் பையில் வைத்துக் கொண்டு போய்விட்டேன்.

முத்துச்செல்வி அதை எல்லோருக்கும் வாசித்துக் காட்டினார். "பாருங்க, அண்ணாச்சி பார்த்து எழுதல, சொந்தமா எழுதியிருக்காவ" என்று சொன்னார். சிவப்புப் பேனாவால் சரி போட்டு, மிக நன்று என்று எழுதி, தேதியும் போட்டார். நான் சீட்டை நோட்டுக்குள் வைத்தேன். ஆறரை மணிக்கு ஷெட்டுக்குத் திரும்பினேன். பாண்டிராஜ் சாவிக்காக நின்றுகொண்டிருந்தார். நான் ஸ்டியரிங்கைப் பார்த்தேன். சீட்டு இல்லை. சாவியைக் கொடுத்தேன்.

அந்தச் சீட்டை இத்துடன் இணைத்திருக்கிறேன்.

அதன் பிறகு 14.3.2025 வெள்ளிக்கிழமை காலை பாண்டிராஜ் வண்டியைத் திரும்பக் கொண்டுவந்தார். "பெரியவரே, வண்டி செத்த மாடு மாதிரி போவுது. கயத்தாறு போறதுக்குள்ள ரெண்டு தடவ தண்ணி ஊத்திட்டேன். பெட்ரோலக் குடிக்குது. மொதலாளி என்னய ஏசுதாவ" என்றார்.

வேக்கம் அடைபட்ட வண்டி அப்படித்தான் இருக்கும். முந்தி விழ வேண்டிய பொறி முந்தவில்லை. சூடு ஏறும், இழுவை குறையும். இதை நான் வேறு வண்டிகளில் கண்டு சொல்லியிருக்கிறேன். அன்று நான் ரேடியேட்டரைப் பார்த்தேன், பிளக்கைப் பார்த்தேன், ஃபேன் பெல்ட்டைப் பார்த்தேன். குழாயைப் பார்க்கவில்லை. குழாய் மாட்டித்தான் இருந்தது. நான் பார்த்த வேலையில் குறை இருக்கும் என்று தோன்றவில்லை.

அதன் பிறகு டெல்கோவின் பட்டையைத் தளர்த்தி, காதால் கேட்டு, பொறி முந்தும்படி கையால் திருப்பினேன். நல்ல அளவுக்கு, தாராளமாகவே திருப்பினேன். இடைசெவல் வரை ஓட்டிப் பார்த்தோம். வண்டி பழையபடி இழுத்தது. பாலத்து ஏற்றத்தில் மட்டும் இன்ஜினில் லேசாகத் தட்டுகிற சத்தம் வந்தது. நான் இப்போதைய பெட்ரோல் சரியில்லை என்று சொன்னேன். பாண்டிராஜ், "கெழவனுக்குக் கை இருக்குல" என்று சொன்னார். அவர் என்னைப் புகழ்ந்தது அந்த ஒரு தடவைதான்.

நான் செய்தது என்னவென்றால், ஓடும்போது மட்டும் முந்த வேண்டிய பொறியை எப்போதும் முந்தும்படி வைத்துவிட்டேன். ஓடும்போது அதனால் தொந்தரவு இல்லை. ஸ்டார்ட் செய்யும்போதுதான் தொந்தரவு. பிஸ்டன் மேலே வந்து சேருவதற்கு முன்பே தீ பிடித்தால் அது பிஸ்டனைத் திருப்பிக் கீழே தள்ளும். செல்ஃப் மோட்டார் திணறும். பாட்டரி இறங்கும். பாட்டரி இறங்கினால் கைப்பிடிக் கம்பியை முன்னால் செருகிச் சுற்றுவார்கள். அப்போது கம்பி சுற்றியவனை நோக்கித் தலைகீழாகத் திரும்பி அடிக்கும்.

27.3.2025 வியாழக்கிழமை காலை எட்டரை மணிக்குக் கம்பெனி வாசலில் நடந்ததை நான் நேரில் பார்க்கவில்லை. முதலாளி கயத்தாறுக்கு ஒரு கல்யாணத்துக்குப் புறப்பட்டார் என்றும், வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை என்றும், லைட்டை அணைக்காமல் விட்டதால் பாட்டரி போய்விட்டது என்று பாண்டிராஜை ஏசினார் என்றும், பாண்டிராஜ் திருப்பி ஏசினார் என்றும், டீக்கடையில் இருந்தவர்கள் சத்தம் கேட்டுப் போனபோது முதலாளி தரையில் கிடந்தார், பாண்டிராஜ் கையில் கம்பியோடு நின்றார் என்றும் பத்து மணிக்குக் கேள்விப்பட்டேன். முதலாளியின் மகன் மணிகண்டபிரபு புகார் கொடுத்ததாகச் சொன்னார்கள்.

முதலாளி 30.3.2025 ஞாயிற்றுக்கிழமை ஆஸ்பத்திரியில் இறந்தார். தாடையில் அடி. கீழே விழுந்ததில் பின்மண்டை வாசல் கல்லில் பட்டிருந்தது. மறுநாள் சுடுகாட்டுக்குப் போனேன். அங்கே எல்லோரும் பாண்டிராஜைத் திட்டினார்கள். நானும் திட்டினேன். அவன் கையை ஒடிக்க வேண்டும் என்று நான் சொன்னேன். நாலு பேர் கேட்டிருப்பார்கள். வீட்டுக்கு வந்து குளித்துவிட்டுச் சாப்பிட்டேன்.

அதன் பிறகு 1.4.2025 செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்குப் பாண்டிராஜின் மனைவி செல்வமாரி ஷெட்டுக்கு வந்தார். தீப்பெட்டி ஒட்டுகிற வேலை செய்பவர். விரல்களில் பசை காய்ந்திருந்தது. நான் உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

"அண்ணாச்சி, நீங்க வண்டிக்காரவிய. ஒங்ககிட்ட ஒண்ணே ஒண்ணு கேட்டுட்டுப் போயிருதேன். கம்பி தானாத் திரும்பி அடிக்குமா?" என்று கேட்டார்.

"யாரு சொன்னா?"

"எங்க வீட்டுக்காரவியதான் சொல்லுதாவ. நான் சுத்துதேன்னு சொன்னேன், மொதலாளி கேக்கல, நீ பொறக்கதுக்கு முந்தி நான் சுத்துனவம்லனு சொல்லி அவியளே சுத்துனாவ, கம்பி திரும்பி அடிச்சிட்டுனு சொல்லுதாவ. ஸ்டேசன்ல யாரும் நம்பல. கம்பிக்கு உசுரா இருக்குனு கேக்காவ."

நான் ஸ்டூலை அவர் பக்கம் நகர்த்தி வைத்தேன்.

"இவிய வாய் கெட்ட வாய்தான். மொதலாளிய ஏசுனேன்னு ஒத்துக்கிட்டாவ. ஆனா கை நீட்டுத ஆளு இல்ல. கட்டை வெரலு வீங்கிக் கெடக்குல்லா, அடிதடியிலதான் வீங்குச்சுனு வேற சொல்லுதாவ."

"எந்தக் கை?" என்று கேட்டேன்.

"வலது கை."

"எப்ப வீங்குச்சு?"

"போன செவ்வாக்கெழமை. அன்னைக்குப் பாட்டரி இல்லனு இவிய சுத்தும்போது வெரல்ல அடிச்சிட்டு. நான்தான் மஞ்சப் பத்துப் போட்டேன். பக்கத்து வீட்டு சுடலையம்மா அக்காகிட்ட கேட்டுப் பாருங்க, அவிய கிட்டதான் மஞ்சள் வாங்குனேன்."

முதலாளியைக் கம்பி அடிப்பதற்கு இரண்டு நாள் முந்தியே பாண்டிராஜின் விரல் வீங்கியிருந்தது. கம்பியைச் சுற்றும்போது கட்டை விரலை மற்ற விரல்களோடு ஒரே பக்கமாக வைக்க வேண்டும். எதிர்ப்பக்கமாக வைத்துப் பிடித்தால், கம்பி திரும்பும்போது கட்டை விரல் போய்விடும். பாண்டிராஜுக்கு அது தெரியாது. இப்போதைய டிரைவர்கள் யாருக்கும் தெரியாது. எனக்கு அந்த இடத்திலேயே குழாய் ஞாபகம் வந்தது. ஆனால் செல்வமாரியிடம் சொல்லவில்லை. "நாளைக்கு ஸ்டேசனுக்குப் போயி விசாரிக்கேன்" என்று மட்டும் சொன்னேன். அவர் தலையை ஆட்டிவிட்டுப் போனார். அவர் கேட்ட கேள்விக்கு நான் பதில் சொல்லவில்லை.

அவர் போன பிறகு ஷெட்டைப் பூட்டினேன். பூட்டை இரண்டு தடவை இழுத்துப் பார்த்தேன். பஸ் ஏறி வீட்டுக்குப் போய் நோட்டை எடுத்தேன். சீட்டு உள்ளே இருந்தது. வாசித்தேன். முன்பு எந்தக் கடுதாசி வந்தாலும் வேறு யாராவது வாசித்துத்தான் எனக்கு விஷயம் தெரியும். இதை நானே வாசித்தேன். அன்று வகுப்புக்குப் போகவில்லை.

இன்று 2.4.2025 காலை ஒன்பது மணிக்கு ஒரு காவலர் ஷெட்டுக்கு வந்து, வண்டி சரியான நிலையில் இருக்கிறதா என்று பார்த்துச் சொல்ல வேண்டும், ஆய்வாளர் ஐயா கூப்பிடுகிறார் என்றார். நான் வந்தேன். வண்டி நிலையத்தின் பின்பக்கம் வேப்பமரத்தடியில் நின்றது. முன் கண்ணாடியில் பூ உதிர்ந்து கிடந்தது. பானெட்டைத் திறந்தேன். காவலருக்கு ஒரு போன் வந்தது. அவர் மதிலோரமாகப் போய்ப் பேசிக்கொண்டிருந்தார்.

நான் கார்பரேட்டர் பக்கம் இருக்கும் குழாயின் ரப்பர் வாயைக் கொஞ்சம் உருவினேன். குச்சியின் முனை தெரிந்தது. நூல் கறுத்திருந்தது. இரண்டு விரலால் குச்சியைப் பிடித்தேன். என் சட்டைப் பையில் டெல்கோ பட்டைக்கான ஸ்பானர் இருந்தது. குச்சியை எடுத்துத் தரையில் போட்டு, டெல்கோவைப் பழைய இடத்துக்குத் திருப்ப ஒரு நிமிடம் போதும். அதன் பிறகு வண்டி சரியாக இருக்கிறது என்று நான் சொன்னால் அது உண்மையாகவும் இருக்கும். யார் வந்து பார்த்தாலும் வண்டியில் குறை இருக்காது. காவலர் எனக்கு முதுகைக் காட்டி நின்றார். ஸ்பானர் என் பையில் ஏன் வந்தது என்று இப்போது கேட்டால், காலையில் புறப்படும்போது நானே எடுத்து வைத்தேன். பாண்டிராஜ் நிலையத்தின் பின்சுவருக்கு அந்தப் பக்கம், உள்ளேதான் இருக்கிறார் என்று எனக்குத் தெரியும். அவர் இருமுவது கேட்டது.

குச்சியை விட்டுவிட்டேன். ரப்பரை மறுபடி அழுத்தி மாட்டினேன்.

அதன் பிறகு காவலரைக் கூப்பிட்டு, ஆய்வாளர் ஐயாவை வரச் சொன்னேன். சாட்சிக்கு இரண்டு பேர் வேண்டும் என்றும் சொன்னேன். ஐயா வந்தார். ரப்பரை அவரையே உருவச் சொன்னேன். குச்சியைப் பார்த்தார். டெல்கோ திரும்பி நிற்கும் இடத்தையும், அது முன்பு நின்ற இடத்தில் அழுக்குப் படிந்து விழுந்திருந்த கோட்டையும் காட்டினேன். கோட்டுக்கும் இப்போது இருக்கும் இடத்துக்கும் நடுவில் என் சுண்டு விரல் அகலம் இருந்தது.

"பெரியவரே, இது யாரு செஞ்ச வேல?" என்று ஐயா கேட்டார்.

"ரெண்டும் நான் செஞ்சதுதான்" என்றேன்.

"யோசிச்சுப் பேசும். இத எழுதுனா ஒம்ம மேல வரும்."

"தெரியும் ஐயா. நானே எழுதித் தாரேன்."

"எம்புட்டு நேரம் ஆவும்?"

"சாயந்தரம் ஆயிரும்" என்றேன். ஐயா காவலரைப் பார்த்து, "இவருக்கு ரெண்டு டீ சொல்லும். இப்ப ஒண்ணு, மூணு மணிக்கு ஒண்ணு" என்றார்.

இன்னும் ஒன்று எழுத வேண்டும். முதலாளியின் கையில் காயமே இல்லை, கம்பி திரும்பியிருந்தால் கையல்லவா ஒடிந்திருக்கும் என்று ஐயா என்னிடம் கேட்டார். முதலாளிக்கு இருபத்திரண்டு வயதில் கம்பி பிடிக்கக் காட்டிக் கொடுத்தது நான்தான். அவர் ஒருநாளும் கட்டை விரலை மாற்றி வைத்ததில்லை. சரியாகப் பிடித்திருந்தால் கம்பி திரும்பும்போது கையிலிருந்து தானாகக் கழன்றுவிடும். கையில் காயம் படாது. கழன்ற கம்பி மேலே வரும். அவர் குனிந்து நின்றிருப்பார். அதனால்தான் கை நன்றாக இருந்தது, தாடையில் பட்டது.

எழுதுவதற்கு நடுவில் இரண்டு டீயும் வந்தது. இப்போது நாலரை மணி. ஆறு தாள் முடிந்து ஏழாவது தாள். எழுத்து இந்தத் தாளில் இன்னும் நன்றாக வருகிறது. இதை எழுதும்போதும் நன்றாக வருவது எனக்குச் சரியாகப் படவில்லை. ஆனாலும் வருகிறது. உள்ளதை எழுத வேண்டும் என்பதால் இதையும் எழுதினேன்.

பாண்டிராஜ் முதலாளியை அடிக்கவில்லை. அந்தக் கம்பியை அவர் கீழே இருந்து எடுத்திருப்பார், அவ்வளவுதான். குழாயை அடைத்துவிட்டு எடுக்க மறந்தவன் நான். அதைத் தேடாமல் டைமிங்கை முந்த வைத்தவனும் நான். அவரை வீட்டுக்கு அனுப்ப வேண்டும். அவருடைய விரலை டாக்டரிடம் காட்ட வேண்டும்.

வண்டியைப் பற்றி ஒரு வேண்டுகோள். வழக்குக்காகக் குச்சியும் டெல்கோவும் இப்போது இருக்கிறபடியே இருக்கட்டும். அதுவரை வண்டியை நகர்த்த வேண்டியிருந்தால் தள்ளிக் கொண்டு போங்கள். யாரும் கம்பியைப் போட்டுச் சுற்றிப் பார்க்க வேண்டாம்.

மேலே எழுதியிருப்பது எல்லாம் நடந்தது. யாரும் மிரட்டியோ ஆசை காட்டியோ எழுதவில்லை. இதை எனக்கு யாரும் வாசித்துக் காட்டவில்லை. நானே எழுத்துக் கூட்டி இரண்டு தடவை வாசித்துப் பார்த்தேன். சரியாக இருக்கிறது.

கோவில்பட்டி
2.4.2025

(ஒப்பம்)
சு. வன்னியபெருமாள்